சர்வரில் ஆன்டிவைரஸ் போட வருகிறவர்களிடம் உஷார்

திருப்பூரில் எங்களுடையது சின்ன பனியன் யூனிட். ஆர்டர், கட்டிங், பேக்கிங் கணக்கெல்லாம் விண்டோஸ் சர்வர் 2019 போட்ட ஒரே மெஷினில் எக்செல் ஃபைல்களாக இருக்கின்றன. ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பார்க்கும் ஆள் போன வருஷம் வந்து, "சர்வர்ல ஆன்டிவைரஸே இல்லையே சார்" என்று பயமுறுத்தி, எல்லா சிஸ்டத்துக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜை விற்றுவிட்டுப் போனார்.

அன்று பிடித்தது சனி. ஃபைல் திறக்கவே நேரமாகும். சேவ் கொடுத்தால், வேறு யாரோ பயன்படுத்துவதாக எர்ரர். ராத்திரி ஆபீஸில் நான் மட்டும் இருக்கும்போதும் அதே கதை. ஃபோல்டரில் எக்ஸ்டென்ஷனே இல்லாமல், எட்டு எழுத்துப் பெயரில் குப்பை ஃபைல்கள் சேர்ந்துகொண்டே போயின.

கூப்பிட்டால் முதலில் கேபிள் என்றார், மாற்றினோம். அப்புறம் நெட்வொர்க் ஸ்விட்ச் என்றார், அதையும் மாற்றினோம். கடைசியில் புது சர்வருக்கே கொட்டேஷனோடு வந்து நின்றார். இதில் கவனிக்க வேண்டியது: ஒவ்வொரு முறையும் தான் விற்ற ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். அவர் இருக்கும்வரை எல்லாம் ஓடும், கிளம்பியதும் பழைய குருடி கதவைத் திறடி. தெரியாமல் செய்தார் என்று நான் நம்பவில்லை.

பக்கத்து டையிங் யூனிட்டில் சிஸ்டம் பார்க்கும் தம்பி வந்துதான் விஷயம் வெளியானது. விண்டோஸ் சர்வர் 2016 முதல் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது. ஆக, 'ஆன்டிவைரஸே இல்லை' என்பதே பொய். விண்டோஸ் 10, 11-இல் வேறு ஆன்டிவைரஸ் போட்டால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கும். சர்வரில் ஒதுங்காது, நாம்தான் நிறுத்த வேண்டும். எங்கள் சர்வரில் இரண்டும் ஒரே ஃபைலைப் போட்டி போட்டுக்கொண்டு ஸ்கேன் செய்திருக்கின்றன. எக்செல் சேவ் செய்யும்போது முதலில் ஒரு தற்காலிக ஃபைலில் எழுதி, பிறகு அதற்குப் பழைய பெயரை வைக்கும். அந்த நேரத்தில் ஸ்கேனர் ஃபைலைப் பிடித்துக்கொண்டால் பெயர் மாறாது. அந்தக் குப்பையெல்லாம் இப்படி மிஞ்சியவைதான். போதாததற்கு, மற்ற சிஸ்டங்களில் நெட்வொர்க் ஸ்கேன் (சர்வரில் இருக்கும் ஃபைல்களையும் அங்கிருந்தே ஸ்கேன் செய்வது) வேறு ஆன்.

தம்பி அந்தப் பேக்கேஜை அதன் கம்பெனியே தரும் ரிமூவல் டூலால் சர்வரிலிருந்து சுத்தமாக எடுத்தார். கண்ட்ரோல் பேனலில் நீக்கினால் சில சமயம் அதன் டிரைவர் (விண்டோஸுக்குள் உட்கார்ந்து ஃபைல்களைக் கண்காணிக்கும் பகுதி) தங்கிவிடுமாம். நெட்வொர்க் ஸ்கேனையும் நிறுத்தி, சர்வரை ரீஸ்டார்ட் செய்தார். எர்ரர் போயே போச்சு.

பணத்தைக் கேட்டால், "லைசென்ஸ் ஆக்டிவேட் ஆயிடுச்சு சார், ரிட்டர்ன் கிடையாது" என்கிறார் ஏஎம்சி ஆள். ஸ்விட்ச் பில்லைப் பற்றி வாயே திறக்கவில்லை. உங்கள் சர்வரில் யாராவது ஆன்டிவைரஸ் போட வந்தால், டிஃபெண்டரை என்ன செய்யப் போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். முழித்தால் அப்படியே அனுப்பிவிடுங்கள்.