லாடம் கழற்றிய குதிரைக்கு மருத்துவர் கலந்து தந்த குளம்புக் களிம்பு

குளம்பின் அடிப்பகுதியில் வரும் அழுகலுக்கு 2025 முதல் நாங்கள் பயன்படுத்தி வரும் களிம்பு இது. கடையில் பெட்டியோடு கிடைக்கும் பொருள் அன்று. கோலாலம்பூரில் எங்கள் லாயத்துக்கு வரும் கால்நடை மருத்துவர் குளம்பைப் பார்த்த பிறகு தாமே கலந்து தருவது. துத்தநாக ஆக்சைடு கெட்டியாகக் குழைந்த பசையில் சிறிதளவு மயில்துத்தம் (செப்பு சல்பேட்) சேர்ந்திருக்கும். அதை 12 மில்லிலிட்டர் சிரிஞ்சுகளில் நிரப்பித் தருகிறார். சிரிஞ்சின் முனை, பல் மருத்துவர்கள் ஈறு கழுவுவதற்கு வைத்திருப்பதைப் போல நீண்டு வளைந்தது. ஒன்று 35 ரிங்கிட். முன்னங்கால் இரண்டுக்கும் நாள்தோறும் போட்டால் ஏறக்குறைய ஒரு வாரம் வருகிறது.

எங்கள் குதிரை சிங்கப்பூரில் ஓடியது. அங்கே 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் நடந்து முடிந்த பிறகு எங்களிடம் வந்தது. ஓட்டக் காலம் முழுவதும் அலுமினிய லாடத்தில் நின்ற கால்கள் அவை. லாடம் குளம்பைத் தரையிலிருந்து உயர்த்திவிடுவதால், அடிப்பகுதியின் நடுவே முக்கோணமாக இருக்கும் ஃபிராக் தரையில் அழுந்தும் வாய்ப்பை இழந்து மெலிந்துபோகிறது. குளம்பின் பின்பக்கத்தில் உள்ள இரு குதிகால்களும் ஒன்றையொன்று நெருங்கி, நடுவில் உள்ள பள்ளம் கீறல் போன்ற ஆழமான பிளவாக மாறுகிறது. 2025 ஜனவரியில் லாடத்தைக் கழற்றினோம். ஏப்ரலில் மாலை மழை தொடங்கிய இரண்டாவது வாரத்திலேயே அந்தப் பிளவிலிருந்து கறுப்புக் கசிவும், ஒருமுறை முகர்ந்தால் மறக்க முடியாத அழுகல் நாற்றமும் வந்தன. பஞ்சு சுற்றிய குச்சி இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே சென்றது. குதிரை காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. லாயங்களில் திரஷ் என்று சொல்லப்படும் ஃபிராக் அழுகல் இதுதான்.

முதலில் நாங்களாகவே ஒரு தவறு செய்தோம். இணையத்தில் வாங்கிய, செப்புச் சேர்மம் கொண்ட பச்சைத் திரவம் ஒன்றை மூன்று வாரம் ஊற்றினோம். அதற்கு முன் ஹைட்ரஜன் பெராக்சைடால் கழுவவும் செய்தோம். நுரை பொங்கி வருவதைப் பார்க்கும்போது சுத்தமாகிவிட்டது என்ற நம்பிக்கை வருகிறது. ஆனால் அந்த நுரை, ஆறத் தொடங்கிய புதிய திசுவையும் சேர்த்தே சிதைக்கிறது. திரவமோ ஒரு பக்கம் ஊற்றினால் மறுபக்கம் வழிந்து மரத்தூளில் இறங்கிவிடும். இரட்டைக் கோபுரங்கள் எழுவதற்கு முன் அதே இடத்தில் இருந்த பந்தயத் திடலில் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்து, பின்னர் சுங்கை பீசிப் பந்தயத் திடலில் ஓய்வு பெற்ற குதிரைக்காரர் ஒருவர் எங்கள் லாயத்துக்கு அவ்வப்போது வருவார். அவர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, மருந்து உள்ள போய் நிக்கணும். நீங்க ஊத்துறத எல்லாம் தரைதான் குடிக்குது” என்றார். அதன் பிறகுதான் மருத்துவரை அழைத்தோம்.

இந்தக் களிம்பின் சிறப்பு அதன் மருந்துச் சரக்கை விடவும் அதன் கெட்டித்தன்மையில் இருக்கிறது என்பது என் கருத்து. அழுகலை உண்டாக்கும் கிருமிகளில் முதன்மையானது ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம். அது காற்றுப் புகாத இடத்தில் செழிப்பது. ஆகவே பிளவின் அடிமட்டம் வரை மருந்து சென்று, அடுத்த முறை துப்புரவு செய்யும் வரை அங்கேயே தங்கி, சேறும் சாணமும் உள்ளே அடைத்துக்கொள்ளாமல் தடுக்க வேண்டும். குளம்பைச் சுரண்டி, உப்பு நீரில் கழுவி, துணித் துண்டைப் பிளவுக்குள் நுழைத்து ஈரத்தை ஒற்றியெடுத்த பின், வளைந்த முனையை அடிவரை விட்டு, களிம்பு மேலே பிதுங்கும் வரை அழுத்துகிறோம்; அதன் மேல் ஒரு சிறிய பஞ்சுத் திரி. மறுநாள் மாலை திரியை எடுக்கும்போது அடியில் களிம்பு இன்னும் ஒட்டியிருப்பதைக் கண்ட அன்று எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் நாற்றம் குறைந்தது. மூன்றாம் வாரத்தில் குச்சியால் தொட்டாலும் குதிரை காலை இழுக்கவில்லை.

குறைகளும் உண்டு. நம் ஊர் வெப்பத்தில் வெளியே வைத்தால் எண்ணெய் தனியே பிரிந்துவிடுகிறது. குளிர்பெட்டியில் வைத்தாலோ அழுத்தவே முடியாத அளவுக்கு இறுகிவிடுகிறது. பயன்படுத்துவதற்கு அரை மணி நேரம் முன்பே வெளியே எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது. கையுறை இல்லாமல் தொட்டால் விரல்களில் நீலக்கறை படியும். மருத்துவர் நேரில் பார்க்காமல் தருவதில்லை என்பதால் முதல் முறை வருகைக் கட்டணமும் சேரும். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஏனெனில் காலிஃபிளவர் போலச் சதை வளரும் கேங்கர் என்ற நோயும் தொடக்கத்தில் திரஷ் போலவே தெரியக்கூடும். அதற்கு நோயுற்ற திசுவை மருத்துவர் வெட்டி அகற்ற வேண்டியிருக்கும், இந்தக் களிம்பு போதாது. ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்று அவர் முதலில் கேட்டதும் எனக்குப் பிடித்திருந்தது. உயிருள்ள திசு வரை பிளந்த குளம்பு அந்த நோய்க்கு வாசலாகிவிடும்.

களிம்பை மட்டும் வாங்கிப் போட்டுவிட்டு ஈரத்தில் கட்டிவைத்தால் 35 ரிங்கிட்டும் வீண். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் புல்வெளியை உலர்த்த முடியாது. ஆனால் குதிரை அதிக நேரம் நிற்கும் இடத்தை உலர்த்த முடியும். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியும் கதவடியிலும் உருண்டையான சிறு கூழாங்கற்களைப் பரப்பினோம். மூத்திரம் ஊறிய மரத்தூளை இரண்டு வேளையும் அள்ளுகிறோம், அதன் அம்மோனியா ஃபிராக்கை அரிப்பதால். ஐந்து வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வருபவரிடம், தொங்கும் கிழிசலை மட்டும் எடுத்துவிட்டு நல்ல ஃபிராக்கைச் செதுக்காமல் விடும்படி மருத்துவர் நேரில் சொன்னார். வலி இருந்தவரை குதிரை குதிகாலை ஊன்றப் பயந்து குளம்பின் முன்நுனியை ஊன்றி நடந்தது. குதிகால் முதலில் பதிந்தால்தான் ஃபிராக்கும் அதன் மேலுள்ள மெத்தைத் திசுவும் அழுந்தி வலுப்பெறும். ஆகையால் வலி தணிந்ததும் நாள்தோறும் நாற்பது நிமிடம் கெட்டியான பாதையில் நடத்தினோம்.

அக்டோபர், நவம்பர் மழையில் வலது முன்னங்காலில் மட்டும் லேசான நாற்றம் திரும்பியது. ஒரே சிரிஞ்சில் அடங்கிவிட்டது. குச்சி நுழைந்த அந்தக் கீறல் இப்போது என் கட்டைவிரல் படியும் ஆழமற்ற குழியாக விரிந்திருக்கிறது. வாரம் இருமுறை, தடுப்புக்காக, அதில் மெல்லிய பூச்சு மட்டும் போடுகிறோம்.