டூட்டூ, லியோடார்ட், ஹால்ஸ்டன் கவுன்: டிஸ்கோ தளத்துக்கு எது?

டிஸ்கோ தீம் விருந்து என்றதும் பலர் தேடுவது நெட் துணி அடுக்கிய குட்டைப் பாலே பாவாடையான டூட்டூவும் மேலே ஜிகினா சட்டையும். அழகான சேர்க்கைதான், ஆனால் காலம் இடிக்கிறது. நெட் பாவாடை மேடையை விட்டு இறங்கி ஃபேஷன் ஆனது பெரும்பாலும் எண்பதுகளில். பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் 'பெத்ருஷ்கா' பாலேயைப் பார்த்த உந்துதலில் கொண்டுவந்த மினி கிரினி என்ற வளையம் வைத்த குட்டைப் பாவாடை 1985-ஐச் சேர்ந்தது, டிஸ்கோ அலை அடங்கிப் பல வருடம் கழித்து. எழுபதுகளின் நியூயார்க் டிஸ்கோவில் பாலே இல்லையா என்றால், நிறையவே இருந்தது. ஆனால் அது பாலேக்காரர்கள் பயிற்சி அறையில் போட்டுக்கொண்ட உடை வழியாக வந்தது, மேடை உடை வழியாக அல்ல. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் எதை வாங்குவது, எதை விடுவது என்பது பாதி தீர்ந்த மாதிரி.

முதலில் டூட்டூ. இதில் இரண்டு வகை முக்கியம். 1832-இல் பாரிஸ் ஓபராவில் 'லா சில்ஃபீட்' ஆடிய மாரி டாக்லியோனியோடு சேர்த்துச் சொல்லப்படும் நீளமான ரொமான்டிக் டூட்டூ முழங்காலுக்குக் கீழே மணி போல விரிந்து, நடக்கும்போது மிதக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து அது குட்டையாகிக் குட்டையாகி, பிறகு இடுப்பிலிருந்து தட்டையாக நீட்டிக்கொண்டு நிற்கும் பான்கேக் டூட்டூ ஆனது. காலின் வேலை முழுக்கத் தெரிய வேண்டும், அதுதான் காரணம். பத்துப் பன்னிரண்டு அடுக்கு நெட், நடுவில் ஒரு வளையக் கம்பி. இந்தக் கம்பிதான் தொந்தரவும். ஒருத்தியின் டூட்டூ பக்கத்தில் நிற்பவளுடையதில் இடித்தால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். நடன அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷைனின் 'சிம்பனி இன் சி' பாலே முடிவில் ஏறக்குறைய ஐம்பது பேர் ஒரே மேடையில் நிற்பார்கள், அங்கே இது பெரிய தலைவலி. அவருடைய உடை வடிவமைப்பாளர் பார்பரா காரின்ஸ்கா கம்பியையே எடுத்துவிட்டு, ஆறேழு அடுக்கு நெட்டைக் குட்டையாக வெட்டி இலேசாகப் பிடித்துத் தைத்தார். பவுடர் பஃப் டூட்டூ அப்படிப் பிறந்தது. மேல்சட்டையில் சில துண்டுகளைக் கிராஸ் கட்டில், அதாவது இழைக்குச் சாய்வாக வெட்டி வைத்து, ஆடுபவர் மூச்சு விட இடம் கொடுத்ததும் அவர்தான். எனக்கு டூட்டூ வரலாற்றில் இவர் மேல்தான் அதிக மரியாதை, ஏனென்றால் போட்டுக்கொள்பவளின் உடம்பை யோசித்து வெட்டியவர்.

ஆனாலும் டிஸ்கோ தளத்தில் டூட்டூ தோற்கும். மேடையில் பத்து, இருபது மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்ப்பதற்காகச் செய்த உடை அது, டிஸ்கோவில் உங்களைப் பார்ப்பவர் ஒரு கை தூரத்தில் நிற்கிறார். முதுகில் வரிசையாக இருக்கும் கொக்கிகள், ஜட்டிப் பகுதியில் தைத்த அடுக்குகள் எல்லாம் கண்ணில் படும். அப்புறம் ஹஸ்ல் என்ற ஜோடி நடனம். கையைப் பிடித்து இழுத்து, சுற்றி, மறுபடி நெஞ்சோடு சேர்த்துக்கொள்ளும் ஆட்டத்தில் இடுப்பைச் சுற்றி இவ்வளவு அகலத் தட்டு இருந்தால் ஜோடி எங்கே நிற்பது? நெட் துணி வெளிச்சத்தைச் சிதறடித்து மங்கலாக்கும். தலைக்கு மேலே கண்ணாடி உருண்டை சுழலும் இடத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் துணி வேண்டும்.

இப்போது லியோடார்ட், பாலேக்காரர்கள் பயிற்சிக்குப் போடும், உடம்போடு ஒட்டிய ஒரே துண்டு உடை. எழுபதுகளில் அமெரிக்காவில் பாலே மோகம் உச்சத்தில் இருந்தது. நதாலியா மகரோவா 1970-இலும் மிகைல் பாரிஷ்னிகோவ் 1974-இலும் சோவியத் குழுக்களை விட்டு மேற்கே வந்துவிட்டார்கள், பத்திரிகைகள் அவர்களைச் சினிமா நட்சத்திரங்களைப் போல நடத்தின. பயிற்சி அறையின் தோற்றமே ஒரு ஸ்டைல் ஆனது. நியூயார்க்கின் பழைய கம்பெனியான டான்ஸ்கின், எங்கள் உடை நடனத்துக்கு மட்டும் அல்ல என்றே விளம்பரம் செய்தது. வடிவமைப்பாளர் பானி ஆகஸ்ட் அங்கே உருவாக்கிய நைலான், ஸ்பான்டெக்ஸ் கலந்த பளபளப்பான லியோடார்ட்களையும் அதே நிறத்தில் சுற்றிக் கட்டும் பாவாடைகளையும் பெண்கள் நேராக டிஸ்கோவுக்கே போட்டுப் போனார்கள். இழுபடும் ஸ்பான்டெக்ஸ் ஒன்றும் புதிய இழை இல்லை, டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷைவர்ஸ் 1958-இலேயே கண்டுபிடித்துவிட்டார். எழுபதுகளில்தான் அது உள்ளாடையிலிருந்து வெளியே வந்து பளபளத்தது.

இந்த உடை ஏன் ஜெயிக்கிறது என்றால், வியர்க்க வேண்டும் என்றே செய்தது. கை தூக்கினால் மேலே ஏறாது, குனிந்தால் பின்பக்கம் வெளியே வராது, சுற்றும்போது பாவாடை மட்டும் விரிந்து பிறகு தானாக அடங்கும். வடிவமைப்பாளர் டயான் வான் ஃபர்ஸ்டன்பர்க்கின் 1974 ராப் டிரஸ், அதாவது சுற்றிக் கட்டும் உடைகூட இதே குடும்பம்தான், பாலேக்காரிகள் சட்டைக்கு மேலே குறுக்காகச் சுற்றிக் கட்டும் மேலாடை மாதிரி ஒன்றை அவர் முதலில் செய்தார், அதோடு பாவாடை சேர்ந்து முழு உடை ஆனது. ஒரே ஒரு குறை, கழிவறை. முழு லியோடார்ட்டையும் கழற்ற வேண்டும். கவட்டில் பட்டன் வைத்தது கிடைத்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க வடிவமைப்பாளர் ஹால்ஸ்டனின் கவுன் வேறு ரகம். அது புகழ்பெற்ற இடமான நியூயார்க் டிஸ்கோ ஸ்டுடியோ 54 திறந்தது 1977 ஏப்ரல் 26-இல். அந்தக் கட்டடமே 1927-இல் ஓபரா அரங்காகக் கட்டியது, அதனால் மேலிருந்து காட்சிப் பொருள்களை இறக்கும் மேடை அமைப்பு ஏற்கெனவே இருந்தது, டிஸ்கோவிலும் அதைப் பயன்படுத்தினார்கள். திறந்த சில நாளிலேயே ராக் பாடகர் மிக் ஜாகரின் அப்போதைய மனைவி பியான்கா ஜாகர் சிவப்பு ஹால்ஸ்டன் உடையில் வெள்ளைக் குதிரை மேல் உட்கார்ந்த படம் உலகம் முழுக்கப் போனது. ஹால்ஸ்டனின் திறமை, தையலைக் குறைப்பதில் இருந்தது. ஜெர்சியோ ஷிஃபானோ, கிராஸில் வெட்டி உடம்பின் மேல் வழியவிட்டால் உள்ளே எந்த எலும்புக்கூடும் தேவையில்லை. டூட்டூவுக்கு நேர் எதிர் தத்துவம் இது. இத்தனைக்கும் அவருக்கு நடன மேடை அந்நியம் இல்லை. 1975-இல் நடன அமைப்பாளர் மார்த்தா கிரஹாம் 'லூசிஃபர்' அமைத்து ருடால்ஃப் நுரேயெவும் மார்கோ ஃபான்டெய்னும் ஆடியபோது உடை ஹால்ஸ்டன்தான். ஆட்டத்துக்கு என்று பார்த்தால் அவரைவிட இன்னொரு நியூயார்க் வடிவமைப்பாளரான ஸ்டீஃபன் பரோஸை ஒரு படி மேலே வைப்பேன். ஜெர்சியின் ஓரத்தை இழுத்துப் பிடித்து ஜிக்ஜாக் அடித்து, கீரை இலை மாதிரி சுருள விடுவார், அந்த ஓரம் காலோடு சேர்ந்து ஆடும். இவ்ஸ் சாங் லோரான் 1976-இல் போட்ட ருஷ்யப் பாலே வரிசையும் இருக்கிறது. டஃபேட்டாப் பாவாடைகள், கண்ணைப் பறிக்கும் நிறங்கள். பெரிய விருந்துக்குச் சரி, நெரிசலான தளத்துக்கு வேண்டாம்.

பழசாகவே வாங்குவதென்றால் கணக்கு கொஞ்சம் மாறும். ஸ்பான்டெக்ஸ் வயதானால் செத்துவிடும். மெதுவாக இழுத்துப் பாருங்கள், நொறுங்கும் சத்தம் கேட்டாலோ திரும்பிச் சுருங்காவிட்டாலோ விட்டுவிடுங்கள், எந்தத் தையல்காரராலும் மீட்க முடியாது. பாலியெஸ்டர், நைலான் ஜெர்சி கவுன்கள் அதைவிட நன்றாகத் தாங்கும், அக்குள் கறை மட்டும் பார்க்க வேண்டும். ஜரிகை இழை கலந்த லாமே துணி என்றால் ஜரிகை கறுத்திருக்கிறதா என்று மடிப்புகளில் பாருங்கள். காலத்தைச் சரிபார்க்க உள்ளே லேபிள் உதவும்: துவைக்கும் முறை சொல்லும் லேபிள் அமெரிக்காவில் 1972 முதல் கட்டாயம், பெண்கள் உடைத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்பு, வெள்ளை, நீல லேபிள் 1974-க்குப் பிறகானது. 'எழுபதுகளின் டூட்டூ' என்று விலை ஏற்றிச் சொன்னால் உள்பட்டியைத் திருப்பிப் பாருங்கள். நடனக் குழுவில் இருந்து வந்த நிஜ டூட்டூவில் பெரும்பாலும் போட்டவர்களின் பெயர்கள் இருக்கும், ஒரே உடை பலருக்குப் பொருந்தக் கொக்கிக் கண்ணிகள் இரண்டு மூன்று வரிசை இருக்கும். எலாஸ்டிக் இடுப்பு மட்டும் இருந்தால் அது பார்ட்டிக் கடைச் சரக்கு.

என் தேர்வு லியோடார்ட், சுற்றுப் பாவாடை. லியோடார்ட்டைப் புதிதாகவும் பாவாடையைப் பழசாகவும் வாங்குவேன், காரணம் மேலே சொன்ன ஸ்பான்டெக்ஸ்தான். பணம் இருந்து ஆட்டத்தைவிட நிற்பதும் நடப்பதும் முக்கியம் என்றால் ஹால்ஸ்டன் பாணி கவுன். டூட்டூ மேல் ஆசை விடவில்லையா, ரொமான்டிக் நீளத்தில் மூன்று அடுக்குக்கு மேல் போகாமல் ஒன்று தைத்துக்கொண்டு லியோடார்ட்டுக்கு மேல் கட்டிக்கொள்ளுங்கள், அது ஜோடி ஆட்டத்துக்கும் வழிவிடும். பான்கேக் டூட்டூவைச் சேகரிப்புக்காக வாங்குகிறவர்கள் மட்டும் வீட்டில் இடத்தை முன்பே பார்த்துவிடுங்கள், அதை மடிக்கவும் கூடாது, சாதாரண ஹேங்கரில் மாட்டவும் கூடாது, தலைகீழாகத்தான் தொங்கவிட வேண்டும்.