யானை லத்தியில் ஹார்மோன் பார்த்துத் தரும் ஆய்வகம்: அனுப்பிப் பார்த்த அனுபவம்

ஆண் யானையைப் பராமரிக்கிறவர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: லத்தியை, அதாவது யானைச் சாணத்தை, அனுப்பி ஹார்மோன் பார்ப்பதால் ஏதாவது பலன் இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் எப்போதாவது ஒரு மாதிரியை அனுப்பிவிட்டு 'மதம் வருமா, வராதா' என்று, அதாவது ஆண் ஹார்மோன் ஏறி யானை மூர்க்கமாகும் அந்தக் காலம் வருமா என்று, பதில் எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவீர்கள். ஒரே யானையின் மாதிரியை விடாமல் அனுப்பி, அதற்கென்று ஒரு வரைபடம் உருவாகும்வரை பொறுத்திருந்தால் அந்தச் சேவைக்குக் கொடுத்த காசு வீண் இல்லை. நாங்கள் அனுப்பும் ஆய்வகத்தைப் பற்றி நல்லது கெட்டது இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் அவர்கள் அனுப்பி வைக்கும் பெட்டி. கையுறை, இறுக்கமாக மூடும் சின்னக் குழாய்கள், அழியாத மைப் பேனா, நீளமாக ஒரு படிவம், அப்புறம் ஒரே பக்கத்தில் செய்முறை. அந்த ஒரு பக்கத்தை எழுதியவர் யானைக்குப் பின்னால் நடந்து வேலை பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். உருண்டையின் மேல்பக்கத்தைச் சுரண்டாதீர்கள், பிளந்து நடுவிலிருந்து எடுங்கள், ஒரே உருண்டையை நம்பாமல் இரண்டு மூன்றிலிருந்து எடுத்துக் கலந்துகொள்ளுங்கள், சிறுநீர் பட்ட லத்தி வேண்டவே வேண்டாம் என்று வரிசையாகச் சொல்கிறது. கடைசியாகச் சொன்னதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள், சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். மதத்தில் இருக்கும் களிறு நடக்கும்போதும் நிற்கும்போதும் சிறுநீரைச் சொட்டவிட்டுக்கொண்டே இருக்கும், பின்னங்கால்களின் உட்பக்கம் கருத்து நனைந்து கிடக்கும், லத்தி விழுந்த இடத்திலும் அது சொட்டியிருக்கும். சிறுநீரிலும் ஆண் ஹார்மோனின் கழிவுகள் வெளியேறுவதால் அது கலந்த மாதிரி காட்டும் அளவை நம்ப முடியாது. எடுத்ததும் உறைய வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு. லத்தியில் இருக்கும் நுண்ணுயிரிகள் வெளியே வந்த பிறகும் அந்தக் கழிவுகளை மாற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ரத்தம் எடுத்தே பார்க்கலாமே என்பீர்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் மதச்சுரப்பி புடைத்து, அதிலிருந்து மதநீர் வழிந்துகொண்டிருக்கும் யானையின் காதுநரம்பில் யார் ஊசி போடுவது? ஆனாலும் ரத்தத்தில் பார்த்த பழைய ஆய்வு ஒன்று இன்றைக்கும் அடிப்படையாக நிற்கிறது. 1972-ல் வெளிவந்த அந்த ஆய்வில், மதம் இல்லாத ஆசிய யானைகளின் ரத்தத்தில் முக்கிய ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோன் மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 1.4 நானோகிராம் வரைதான் இருந்தது, முழு மதத்தில் அது 29.6 முதல் 65.4 வரை போனது. இப்படி ஒரு ஏற்றம் இருப்பதால்தான் லத்தியை வைத்தே கண்டுபிடிக்க முடிகிறது. லத்தியில் தெரிவது அந்த நேரத்து நிலை அல்ல, உணவு குடலைக் கடந்து வருகிற நேரம் அளவுக்குப் பின்தங்கிய, ஒன்றிரண்டு நாள் முந்தைய நிலை. இதை அறிக்கையின் தலைப்பிலேயே போட்டிருப்பது எனக்குப் பிடித்தது.

இந்த ஆய்வகத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியக் காரணம் வேறு. சேருவதற்கு முன் தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: நீங்கள் பயன்படுத்துவது மனித ரத்தத்துக்காக விற்கும் டெஸ்டோஸ்டீரோன் சோதனைப் பொருளா, யானை லத்தியில் சரிபார்த்ததா? டெஸ்டோஸ்டீரோன் கல்லீரலிலும் குடலிலும் உருமாறி, பெரும்பாலும் சிதைந்த வடிவங்களாகத்தான் வெளியே வருகிறது. சோதனையில் ஹார்மோனைப் பிடித்துக் காட்டும் புரதத்தை எதிர்பொருள் என்பார்கள்; அந்த வடிவங்களை அடையாளம் காணாத எதிர்பொருளை வைத்து அளந்தால், மதம் தலைக்கேறிய யானைக்கும் அமைதியான எண் வரலாம். பதில் சொன்னவர் மழுப்பவில்லை. எந்த எதிர்பொருள், ஆசிய யானைக்கும் ஆப்பிரிக்க யானைக்கும் தனித்தனியாக எப்படிச் சரிபார்த்தார்கள் என்று பொறுமையாக விளக்கினார். வேறு இடத்தில் விசாரிக்கிறவர்களும் இந்தக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்.

அறிக்கை வரைபடமாக வருகிறது, நல்ல விஷயம். முதல் சில மாதங்கள் ஒரு தாழ்ந்த கோடு, அதுதான் அந்த யானையின் இயல்பு நிலை. பிறகு கோடு மெல்ல மேலே ஏறத் தொடங்கியபோது மதநீர் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை, சுரப்பியில் லேசான வீக்கம் மட்டும்தான் இருந்தது. அந்த இடைவெளிதான் எங்களுக்கு வேண்டியது. வேலியைச் சரிபார்த்து, ஆட்கள் கிட்டப் போகாமல் தண்ணீரும் தீவனமும் கொடுக்க ஏற்பாடு செய்ய அவகாசம் கிடைத்தது.

ஆனால் வரைபடத்துக்குக் கீழே ஒரு நிறக் கட்டம் போடுகிறார்கள் பாருங்கள், அதை எடுத்துவிட வேண்டும். பச்சை என்றால் மதம் இல்லை, சிவப்பு என்றால் மதமாம். எண் ஏறியிருந்தும் மதநீரோ சிறுநீர்ச் சொட்டோ இல்லாத களிறுகள் உண்டு. உடம்பு இளைத்துப்போன யானைக்கு மதம் வராமலோ சீக்கிரமே அடங்கியோ போகலாம். பச்சைக் கட்டத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் கிட்டே போனால் உயிரே போய்விடும். இதை எழுத்தில் தெரிவித்தேன், அடுத்த அறிக்கையிலும் கட்டம் அப்படியே இருந்தது.

அழுத்த ஹார்மோனான கார்டிசாலின் கழிவுகளையும் கூடவே அளந்து தருகிறார்கள். மதம் என்றாலே யானை வேதனையில் தவிக்கிறது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். தென்னிந்தியக் காட்டு யானைகளை வைத்து 2013-ல் வெளியான ஆய்வில், மதத்தில் ஆண் ஹார்மோன் கழிவுகள் நன்றாக ஏறியிருந்தன, அழுத்த ஹார்மோன் கழிவுகள் மாறவே இல்லை. ஆப்பிரிக்க யானைகளில் இறங்கியதாகவும், கட்டி வளர்க்கும் ஆசிய யானைகளில் ஏறியதாகவும் வேறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆக, நீங்கள் வளர்க்கும் யானைக்கு மதத்தோடு சேர்ந்து கார்டிசால் கோடும் ஏறினால், மதத்தின் மேல் பழியைப் போடாமல் சங்கிலி, இடம், தனிமை என்று நீங்கள் வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். இந்த ஒன்றுக்காகவே இரண்டு கோடுகளையும் கேட்டு வாங்கலாம்.

படிவத்தின் கடைசிப் பகுதியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அருகில் மூத்த களிறு உண்டா, இளம் ஆண் யானைகள் விலகிப் போகின்றனவா, பெண் யானைகள் துதிக்கை நுனியால் எதைத் தொட்டு வாய்க்குள் மேலண்ணத்துக்குக் கொண்டு போகின்றன என்றெல்லாம் கேட்கிறார்கள். ஹார்மோன் உடம்புக்குள் நடப்பது, மற்ற யானைகளுக்குப் போய்ச் சேருவது வாசனை. யானைகளின் வாசனையை ஆராய்ந்த ராஸ்முசன் குழுவினர், நம் யானை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தியும் அதில் உண்டு, 2002-ல் எழுதியது இதுதான்: முதன்முதலாக மதம் வரும் இளம் ஆண்களின் மதநீர் தேன் மணக்கும், முதிர்ந்த களிறுகளின் மதநீரில் துர்நாற்றம் வீசும். இளசுகள் இனிப்பாக மணப்பதே 'நான் உனக்குப் போட்டி இல்லை' என்று பெரியவர்களிடம் சொல்லும் வழி. முதிர்ந்த களிறுகளின் மதநீரில் ஃப்ரன்டாலின் என்ற பொருள் கூடுகிறது, பட்டை வண்டுகள் ஒன்றையொன்று அழைக்கப் பயன்படுத்தும் அதே பொருள். அதற்கு வலது, இடது என்று கண்ணாடிப் பிம்பம் போல இரண்டு வடிவங்கள். வயது ஏற ஏற இரண்டும் சம அளவுக்கு வருகின்றன, சமமான கலவைதான் சினைக்குத் தயாரான பெண்ணை ஈர்க்கிறது என்று 2005-ல் கண்டார்கள். பெண் யானையும் சும்மா இல்லை. அதன் சிறுநீரில் உள்ள ஃபெரோமோன், அதாவது துணையை அழைக்கும் வாசனைப் பொருள், பல அந்துப்பூச்சி இனங்களிலும் இருப்பது 1996-லேயே தெரிந்துவிட்டது.

மூத்த களிறு இருக்கிறதா என்ற கேள்விக்குப் பின்னாலும் ஒரு பெரிய கதை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பெர்க் வனவிலங்குப் பூங்காவில் பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்த அனாதை ஆண் யானைகளுக்குச் சிறு வயதிலேயே நீண்ட மதம் வந்து, 40-க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-ல் அதே நாட்டின் க்ரூகர் தேசியப் பூங்காவிலிருந்து 6 மூத்த களிறுகளைக் கொண்டுவந்து விட்டார்கள். இளசுகளின் மதம் சுருங்கியது, கொலைகளும் நின்றன. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே வரைபடத்தில் ஒரு யானையின் கோடு இறங்கக் காரணமாகலாம். அதை எழுதாமல் எண்ணை மட்டும் படித்தால் பாதிதான் தெரியும். அதனால் படிவத்தின் அந்தப் பகுதியைச் சோம்பல்படாமல் நிரப்புங்கள்.

தாமதம் பெரிய குறை. மாதிரிகளைச் சேர்த்து வைத்து மொத்தமாக அளக்கிறார்கள், அதனால் மதம் நெருங்கும் வாரங்களில் சில முறை அறிக்கை கையில் கிடைப்பதற்குள் மதநீரே வழிய ஆரம்பித்துவிடுகிறது. அவசரச் சேவை என்று ஒன்று இருந்தால் கூடுதலாகக் கொடுக்கவும் தயார். ஒருமுறை பெட்டி வழியில் உருகிப்போய்ச் சேர்ந்தது. அளந்து ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்பாமல், உடனே கூப்பிட்டுச் சொல்லி, புதுக் குழாய்களை இலவசமாக அனுப்பினார்கள். அந்த நேர்மைக்காகத்தான் இன்னும் இவர்களிடமே அனுப்புகிறேன்.

20 வயதைத் தாண்டிய களிறு வைத்திருப்பவர்கள், மதத்தைக் கட்டுப்படுத்த ஊசி போட யோசிப்பவர்கள், முதலில் ஒரு முழு மதச் சுற்றையாவது வாரம் ஒரு மாதிரியாக இவர்களிடம் அளந்துவிட்டு, அந்தக் கோட்டோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். மதம் வந்த பிறகு அவசரமாகத் தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் இதில் சேர வேண்டாம், யானையைத் தள்ளி நின்று பார்த்தாலே போதும்.