தொழில்நுட்பத் தொடர்பியல் முதுநிலைப் படிப்பு: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

கருவிகளுக்கும் மென்பொருளுக்கும் கையேடுகள் எழுதும் துறையான தொழில்முறை மற்றும் தொழில்நுட்பத் தொடர்பியலில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பி, இணையவழியில் நடத்தப்படும் இரண்டாண்டுப் படிப்பொன்றில் 2025 ஜூலையில் சேர்ந்தேன். இரண்டு பருவங்களை முழுமையாக முடித்தபின், மேற்கொண்டு தொடர மனமில்லாமல் வெளியேறிவிட்டேன். கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரி நான் அனுப்பிய முறையீடு நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எனினும், எனக்கு நேர்ந்தது எந்த நிறுவனத்திலும் எவருக்கும் நேரக்கூடியது என்பதால், நடந்தவற்றை மறைக்காமல் எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன் எனக்குத் தரப்பட்ட புராஸ்பெக்டஸில் தகவலைத் தலைப்புகளாகப் பிரிக்கும் டிட்டா (DITA) முறையில் ஆவணம் எழுதும் செய்முறைப் பயிற்சி, உண்மையான பயனர்களைக் கொண்டு நடத்தும் பயன்பாட்டுச் சோதனை, வேலை தேடும்போது காட்டத்தக்க போர்ட்ஃபோலியோ ஆகிய மூன்றும் உறுதியளிக்கப்பட்டிருந்தன. அமெரிக்காவின் தொழில்நுட்பத் தொடர்பியல் சங்கமான எஸ்டிசியில் மாணவர் உறுப்பினர் சேர்க்கையும் கட்டணத்திலேயே அடங்கும் என்று எழுதியிருந்தது. அந்தச் சங்கம் 2025 ஜனவரியிலேயே திவாலாகிவிட்டதாக அறிவித்துத் தன் பணிகளை நிறுத்திவிட்டது. ஆறு மாதங்களுக்குப் பிறகும் அதன் உறுப்பினர் சலுகையைக் காட்டி மாணவர் சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தார்கள் என்பது, பணம் கட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கேட்டபோது, அந்தப் பக்கம் பழையது என்ற ஒரே வரியில் பதில் வந்தது.

டிட்டா என்பது, உரையின் பகுதிகளுக்குக் குறிச்சொற்கள் இடும் எக்ஸ்எம்எல் (XML) மொழியின் அடிப்படையில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவாகி, 2005-இல் கணினித் தரநிலைகளை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு தரநிலையாக ஏற்ற எழுத்து முறை. விளக்கம் ஒரு வகை, செய்முறை ஒரு வகை, பார்வைக் குறிப்பு ஒரு வகை என்று தகவலைத் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்து எழுதி, ஒரு முறை எழுதிய பகுதியைப் பல கையேடுகளில் அப்படியே பயன்படுத்திக்கொள்வது அதன் அடிப்படை. கையால் செய்து பார்க்காமல் இது பிடிபடாது. எங்களுக்குக் கிடைத்ததோ முன்பே பதிவு செய்த ஒரு காணொளி மட்டும். மென்பொருள் உரிமத்தைக் கேட்ட மாணவர்களிடம், 30 நாள் இலவசச் சோதனைப் பதிப்பை அவரவரே பதிவிறக்கிக்கொள்ளும்படி சொன்னார்கள். ஒப்படைப்புக்கான காலக்கெடு வருவதற்கு முன்பே அந்த 30 நாட்கள் முடிந்துபோயின.

பயன்பாட்டுச் சோதனையின் கதை இதைவிட மோசமானது. நாம் எழுதிய கையேட்டை ஒருவர் கையில் கொடுத்து, அவர் எங்கே தயங்குகிறார், எந்தப் படியை மறுபடி படிக்கிறார் என்று குறுக்கிடாமல் கவனித்து எழுதிக்கொள்வதே அந்தச் சோதனை. ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்படும் என்று பயன்பாட்டுச் சோதனை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் கூறியதை வகுப்பில் சொன்னார்கள். அதன்பின், ஆட்களைத் தேட நேரமில்லாவிட்டால் ஐந்து பயனர்களைக் கற்பனை செய்துகொண்டு அறிக்கை எழுதலாம் என்றும் அதே வகுப்பில் சொன்னார்கள். இல்லாத மனிதர்களிடமிருந்து முடிவுகளை உருவாக்க ஒரு முதுநிலை வகுப்பே கற்றுக்கொடுத்தது என்பதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

படிப்பில் நல்லதே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. வாசகர் பகுப்பாய்வு குறித்து ஓர் ஆசிரியர் மிகுந்த அக்கறையோடு பாடம் நடத்தினார். முதல் பருவத்தோடு அவர் விலகிவிட்டார்.

நான் இழந்தது எவ்வளவு என்பது ஒரு நேர்காணலில்தான் விளங்கியது. லேசர் அச்சுப்பொறியில் சிக்கிய தாளை எடுப்பதற்கு நான் எழுதிய இரண்டு பக்கச் செய்முறையை என் சிறந்த மாதிரியாகக் கொண்டுபோயிருந்தேன். அதற்கு வகுப்பில் முழு மதிப்பெண் கிடைத்திருந்தது. நேர்காணல் நடத்திய அம்மையார் அந்தத் தாளை மேசைமேல் வைத்து, நான்காம் படிக்குக் கீழே இருந்தவற்றை உள்ளங்கையால் மறைத்துவிட்டு, "பின்புற மூடியைத் திறந்து தாளை வெளியே இழுக்கவும்" என்ற வரியை மட்டும் வாசித்தார். பிறகு, "இந்த வரியைப் படித்து முடிக்கும்போது படிப்பவரின் கை எங்கே இருக்கும்?" என்று கேட்டார். கையை அவர் எடுத்தபோது, அடுத்த வரியில் நான் எழுதியிருந்த எச்சரிக்கை தெரிந்தது: மூடியைத் திறப்பதற்கு முன் மின்சாரத்தை அணைத்துக் கருவியை ஆறவிட வேண்டும், உள்ளே இருக்கும் உருளை கடுமையாகச் சுடும்.

எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் வர வேண்டும் என்பது இத்துறையின் அரிச்சுவடி. அதோடு, சிறிய அல்லது நடுத்தரக் காயத்துக்கு ஒரு சொல், உயிருக்கே ஆபத்து நேரலாம் என்ற நிலைக்கு வேறொரு சொல் என்று அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனமான ஆன்சியின் இசட்535 தரநிலைகள் எச்சரிக்கைச் சொற்களை வகுத்துவைத்திருப்பதையும் அவரே பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஓராண்டுக் கட்டணம் செலுத்திய இடத்தில் எவரும் சொல்லாததை, எனக்கு வேலை கொடுக்காத ஒருவர் பத்து நிமிடங்களில் கற்றுக்கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஒப்படைப்புக்குக் கிடைத்த ஆசிரியர் குறிப்பை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். "நன்று. வடிவமைப்பில் இன்னும் கவனம் தேவை" என்று மட்டும் இருந்தது. உடன் படித்த இருவரிடம் கேட்டேன். முற்றிலும் வேறு கருவிகளைப் பற்றி எழுதியிருந்த அவர்களுக்கும் எழுத்து மாறாமல் அதே இரண்டு வாக்கியங்கள் வந்திருந்தன. எங்கள் பக்கங்களை ஒருவராவது படித்தாரா என்ற சந்தேகம் அன்றுதான் எனக்கு உறுதியானது.

பணத்தைத் திரும்பப் பெறும் விதியையும் சொல்லியாக வேண்டும். கட்டணம் செலுத்திய 14 நாட்களுக்குள் விலகினால்தான் பணம் திரும்பக் கிடைக்கும்; பாடங்கள் திறக்கப்பட்டதோ இருபதாம் நாளில். வாங்கிய பொருளைப் பார்ப்பதற்கு முன்பே அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை முடிந்துவிடும்படி அந்த விதி அமைந்திருந்தது. நான் அதைப் படித்துத்தான் கையொப்பமிட்டேன், ஆனால் பாடங்கள் எந்தத் தேதியில் திறக்கும் என்று கேட்கத் தோன்றவில்லை.

இத்தகைய படிப்பில் சேர நினைப்பவர்கள், முந்தைய மாணவர் ஒருவரின் ஒப்படைப்பை, பெயரை நீக்கிவிட்டாவது, ஆசிரியர் அதில் செய்த திருத்தங்களோடு காட்டும்படி கேளுங்கள். பாடத்திட்டத்தை எவரும் அழகாக அச்சிட்டுவிடலாம். ஒரு பக்கத்தின் ஓரத்தில் நிறைந்திருக்கும் திருத்தங்களை அவ்வளவு எளிதாக உருவாக்க முடியாது. எழுத்தைப் படித்துத் திருத்துவதற்குத்தானே நாம் பணம் கொடுக்கிறோம். மென்பொருள் உரிமம் எத்தனை மாதங்களுக்கு, சோதனைக்கான பயனர்களை யார் ஏற்பாடு செய்வார்கள், பாடம் நடத்துபவர்களில் எத்தனை பேர் கையேடுகளை எழுதி வெளியிட்டவர்கள் என்பவற்றையும் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே பெறுங்கள். நான் இவற்றைத் தொலைபேசியில் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ஆம் என்றார்கள். இன்று முறையீட்டோடு இணைக்க என்னிடம் இருப்பது அந்தப் பழைய புராஸ்பெக்டஸ் மட்டுமே.

அச்சுப்பொறிச் செய்முறையைத் திருத்தி எழுதி, இம்முறை உண்மையாகவே ஐந்து பேரிடம் கொடுத்துப் பார்த்தேன். மூவர் இரண்டாம் படியிலேயே தடுமாறினார்கள். அதை மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். முறையீட்டுக்குப் பதில் வந்தால், அதை இந்தப் பதிவிலேயே அப்படியே சேர்க்கிறேன்.