கெமரா, கொரியனா: தமிழ் தெரிந்தவருக்கு எது படியும்?

இரண்டையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ஆரம்பித்தேன். கடைசியில் கொரியனோடு தங்கிவிட்டேன். அதனால் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தேதான் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மேலோட்டமாகப் பார்த்தால் கம்போடியாவின் கெமர்தான் நமக்குச் சொந்தம். அதன் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து வந்தது. தேதியிட்ட கெமர் கல்வெட்டுகளில் பழையது அங்கோர் போரேயில் கிடைத்த கி.பி. 611ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அகராதியைத் திறந்தால் க, ங, ச, ஞ என்று நமக்குப் பழகிய வரிசை. ஆசிரியர் 'க்ரூ', நகரம் 'நொகோர்', மொழி 'பியசா'. பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று தோன்றும்.

அந்த 'பியசா'விலேயே சிக்கலும் இருக்கிறது. எழுதியிருப்பது 'பாசா'தான், நம் பாஷை. கெமரின் 33 மெய்களும் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருக்கின்றன. ஒரே உயிர்க்குறி முதல் கூட்டத்தோடு சேர்ந்தால் ஓர் ஒலி, இரண்டாம் கூட்டத்தோடு சேர்ந்தால் வேறு ஒலி. நம் துணைக்கால் போன்ற குறி ஒரு ககரத்தோடு 'கா', இன்னொரு ககரத்தோடு 'கிய'. அப்புறம் மெய்யெழுத்துக்குக் கீழே தொங்கும் கால் எழுத்துகள், சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லாத வரிகள். கொரியனின் எழுத்தான ஹங்குல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்டது, 14 மெய், 10 உயிர், ஒரு வார இறுதியில் கைக்கு வந்துவிடும்.

உச்சரிப்பில் இரண்டும் பாடாய்ப் படுத்தும். பக்கத்து தாய், வியட்நாமிய மொழிகளைப் போல் கெமரில் தொனி பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பது ஆறுதல், ஆனால் உயிரொலிகள் எக்கச்சக்கம். கொரியனில் நிலா, மகள், முகமூடி மூன்றும் நம் காதுக்கு 'தல்' மாதிரியே கேட்கும். முதல் மெய்யை மென்மையாகவா, அழுத்தியா, மூச்சோடா சொல்கிறார்கள் என்பதில்தான் வேறுபாடு. ஒரு சலுகையும் உண்டு. நம் ககரம் 'கல்'லில் ஒரு மாதிரியும் 'பங்கு'வில் வேறு மாதிரியும் ஒலிக்கிறதே, கொரியன் ககரமும் அப்படித்தான். 'ஹன்குக்' (கொரியா) என்ற சொல்லின் நடுக் ககரம் 'பங்கு'வில் வருவது போல ஒலிப்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

என்னைக் கொரியன் பக்கம் இழுத்தது இதெல்லாம் இல்லை, வாக்கியம் கட்டும் விதம். 'கெமருக்கு இலக்கணமே கிடையாது, வினை மாறாது' என்பார்கள். முதல் மாதம் அது வரம்தான். 'க்ஞோம் ஞாம் பாய்', அதாவது நான், சாப்பிடு, சோறு. காலம் காட்ட வேண்டுமானால் முன்னால் ஒரு சொல்லைப் போட்டால் போதும். வாக்கியம் நீளும்போதுதான் தலை சுற்றும். 'நேற்று சந்தையில் வாங்கிய மீன்' என்பதைக் கெமரில் மீனில் ஆரம்பித்து, வாங்கியதைச் சொல்லி, சந்தைக்குப் போய், நேற்றில் முடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நினைப்பைத் தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது.

கொரியனில் 'ஒஜே சிஜாங்ஏசொ சான் செங்சொன்'. நேற்று, சந்தையில், வாங்கின, மீன். நம் வரிசை அப்படியே. 'மொக்னுன்' சாப்பிடுகிற, 'மொகுன்' சாப்பிட்ட, 'மொகுல்' சாப்பிடப்போகிற. பெயரெச்சம் என்று ஆறாம் வகுப்பில் படித்ததற்கு இப்போதுதான் பயன் கிடைத்தது. துணைவினைகள் இன்னும் சுவாரஸ்யம். 'மொகொ ப்வா' என்றால் சாப்பிட்டுப் பார். அங்கேயும் கண்ணால் பார்ப்பதற்கான வினையேதான். 'ஹே ஜுசேயோ' செய்து கொடுங்கள், 'ஸ்ஸொ நோஆ' எழுதி வை. 'வருகிறேன் என்று சொன்னான்' என்பதில் 'என்று' உட்காரும் இடத்தில் அங்கே 'தாகோ' உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலம் வழியாக வரும் பாடநூல்கள் இதற்கெல்லாம் பக்கம் பக்கமாக விளக்கம் கொடுக்கின்றன. தமிழருக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் மட்டும் போதும். சில மாதம் விட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் சொற்கள் மறந்திருக்கும், வாக்கியம் மறக்காது.

இதை வைத்து 'கொரியன் தமிழிலிருந்து பிறந்தது' என்று கிளம்பிவிட வேண்டாம். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க மிஷனரி 1905லேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. உறவு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, வாக்கியம் வாயில் வருகிறது.

கொரியன் திணறடிப்பது சொற்களில். பாதிக்கு மேல் சீன மூலம், பிடித்துக்கொள்ள நமக்கு ஒரு கிளைகூடக் கிடையாது. எண்களில் இரண்டு வரிசை. மணியைச் சொந்த எண்ணிலும் நிமிடத்தைச் சீன எண்ணிலும் சொல்ல வேண்டும். கெமரில் ஆறு 'ஐந்து-ஒன்று', ஏழு 'ஐந்து-இரண்டு' என்று சிக்கனமாகப் போகும். மரியாதை இரண்டிலும் உண்டு, இருக்கும் இடம்தான் வேறு. கொரியனில் அது வினையின் வால் பகுதியில். கெமரில் வினையே மாறும்: நாம் சாப்பிட்டால் 'ஞாம்', பிக்கு சாப்பிட்டால் 'சான்', அரசர் சாப்பிட்டால் 'சோய்', மாடு தின்றால் 'சீ'.

கெமரில் நான் கடைத்தெருப் பேச்சுக்கு மேல் போகவில்லை. செய்தித்தாள் நடையில் சமஸ்கிருத, பாலிச் சொற்கள் கூடுவதால், அந்தக் கட்டத்தில் கெமர் நமக்குச் சுலபமாகிவிடவும் கூடும். கொரியனுக்குச் சென்னையில் இன்கோ என்ற இந்திய-கொரியப் பண்பாட்டு மையத்தில் வகுப்பு உண்டு, ஆறு நிலைகள் கொண்ட டோபிக் என்ற மொழித்திறன் தேர்வு உண்டு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரியக் கம்பெனி வேலைக்கும் உதவும்.

கம்போடியாவின் சியெம் ரியப் நகரில் வசிக்கப் போகிறவர் கெமர்தான் படிக்க வேண்டும், அதில் இரண்டாவது பேச்சில்லை. ரோமன் எழுத்தில் பேச்சை மட்டும் பழகிக்கொண்டு எழுத்தைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல், இரண்டு மெய்க் கூட்டங்களையும் முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடுங்கள்.