பிடித்தால் ஓடும், விட்டால் நிற்கும்: பார்க்கின்சன் உள்ளவர்களுக்கான ரோலேட்டர் வெளி நடைக்கு எப்படி?

ரோலேட்டர் எனப்படும் நான்கு சக்கர நடைவண்டியை வாங்கப் போகிறவர்கள் முதலில் எடையைக் கேட்பார்கள், பிறகு இருக்கையை அழுத்திப் பார்ப்பார்கள், பிரேக்கைக் கடைசியில் ஒருமுறை பிடித்துப் பார்ப்பார்கள். பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் உள்ள ஒருவர் வீட்டு வாசலைத் தாண்டி நடப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் பிரேக். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ரோலேட்டரை 1978-இல் உருவாக்கியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஐனா விஃபால்க். இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்டவர். இன்றும் சாதாரண ரோலேட்டரின் அமைப்பில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது: கால் தளர்ந்திருக்கலாம், ஆனால் கை சொன்னபடி கேட்கும். நிற்க வேண்டுமென்றால் பிரேக் நெம்புகோலைச் சட்டென்று இழுக்க வேண்டும். பார்க்கின்சனில் அந்தச் 'சட்டென்று' என்பதுதான் முதலில் போய்விடுகிறது. உடல் முன்னால் சாய, அடிகள் குறுகி வேகம் பிடிக்க, வண்டி கையை விட்டு ஓடத் தொடங்கும்போது, புதிதாக ஒரு அசைவைத் தொடங்கச் சொன்னால் கை தாமதிக்கும். அதற்குள் வண்டி ஒரு முழு எட்டு முன்னால் போயிருக்கும்.

எதிர்-பிரேக் ரோலேட்டர் இதை மாற்றிப் போடுகிறது. நெம்புகோலைப் பிடித்திருக்கும் வரை சக்கரம் உருளும். கையைத் தளர்த்தினால் பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். யூ-ஸ்டெப் இந்த வகையில் பலரும் அறிந்த பெயர். ஜெமினோ வரிசையிலும் பார்க்கின்சனுக்கென்றே ஒரு மாடல் உண்டு. இவற்றில் சக்கரத்தின் உருளலையே கடினமாக்கும் திருகும் இருக்கும். வண்டி முந்தி ஓடுவதை உண்மையில் தடுப்பது பெரும்பாலும் இந்தத் திருகுதான். எங்கள் கணிப்பில் எதிர்-பிரேக்கைவிட இதற்கே அதிக மதிப்பெண். ஆனால் கடையில் யாரும் இதைக் காட்டித் தருவதில்லை.

திருகைச் சரிசெய்யும் முறை எளிது. சமதளத்தில் நெம்புகோலைப் பிடித்தபடி நீங்களே வண்டியை லேசாக ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் அந்தப் பக்கச் சக்கரம் அதிகமாக இறுகியிருக்கிறது. கால் சுற்று தளர்த்தி மறுபடி தள்ளுங்கள். நேராக ஓடத் தொடங்கிய பிறகு இரண்டு பக்கமும் சம அளவில் இறுக்கிக்கொண்டே போங்கள். நடப்பவர் கைகளில் உடல் எடையைச் சாய்த்துத் தள்ள வேண்டிய நிலை வந்தால் மிகையாகிவிட்டது. நடக்கும்போது அவருடைய பாதங்கள் பின்சக்கரங்களுக்கு இடையிலேயே விழ வேண்டும். பாதம் சக்கரத்துக்குப் பின்னால் தங்கினால் வண்டி முந்துகிறது, இன்னும் இறுக்கலாம்.

எதிர்-பிரேக்கில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பயந்தால் சிலர் கையை விடுவார்கள், சிலர் இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். இரண்டாவது வகையினருக்கு இந்தப் பிரேக் ஆபத்தானது. இறுக்க இறுக்க வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். வாங்கும் முன் பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்க, தடுமாற்றத்தில் அவர் கை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவது அவசியம். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும், கைப்பிடி பலம் குறைந்தவர்களுக்கும் நெம்புகோலை நெடுநேரம் பிடித்திருப்பது முடியாத காரியம். வீட்டுக்குள் சாதாரண ரோலேட்டர், வெளியே எதிர்-பிரேக் என்று இரண்டையும் கலந்து பயன்படுத்தவே வேண்டாம். 'பிடித்தால் நிற்கும்' என்று பழகிய கை, சரிவான பாதையில் அதையேதான் செய்யும். மறதி நோயும் சேர்ந்திருப்பவருக்குப் புதிய பிரேக்கைப் பழக்குவது கடினம். வாங்குவதானால் நோயின் ஆரம்ப காலத்திலேயே வாங்கிப் பழக்க வேண்டும்.

லேசர் கோட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பார்க்கின்சனில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது போல உறைந்து நின்றுவிடும். வாசற்படி, குறுகிய இடம், திரும்பும் இடம் இவற்றில் அதிகம். தரையில் குறுக்காக ஒரு கோடு தெரிந்தால், அதைத் தாண்டுவதாக நினைத்துப் பலரால் கால் எடுத்து வைக்க முடிகிறது. வண்டியில் பொருத்திய லேசர் அந்தக் கோட்டைப் போடுகிறது. வீட்டுக்குள் நன்றாக உதவுகிறது. வெளியே? நடுப்பகல் வெயிலில் சிவப்புக் கோடு காணாமலே போய்விடும். நம் கண் பச்சை ஒளியை அதிகமாக உணர்வதால் பச்சை லேசர் கொஞ்சம் மேல், ஆனால் உச்சி வெயிலில் அதுவும் மங்கும். நிழல் பாதையில், அதிகாலையில், அந்தியில் பயன்படும். எல்லோருக்கும் இது பலிப்பதும் இல்லை. தரையில் ஒரு டேப்பைக் குறுக்காக ஒட்டி, அதைத் தாண்ட முடிகிறதா என்று பாருங்கள். டேப்பே உதவாதவருக்கு லேசர் உதவ வாய்ப்புக் குறைவு.

வெயிலில் லேசருக்கு மாற்று, தாளம். கைப்பேசியில் சீரான தாள ஒலி தரும் இலவச மெட்ரோனோம் செயலி போதும். அவர் நன்றாக நடக்கும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணி, அதே வேகத்திலோ சற்றுக் குறைத்தோ வையுங்கள். உறைதல் உள்ளவருக்கு வேகத்தைக் கூட்டினால் அடி இன்னும் குறுகும். சாலை ஓசை கேட்க வேண்டும் என்பதால் இரு காதிலும் இயர்போன் வேண்டாம். ரோல்ஸ் மோஷன் ரிதம் என்ற மாடல் லேசர், ஓசை, அதிர்வு மூன்றையும் தருகிறது. அதிர்வு வெயிலிலும் இரைச்சலிலும் வேலை செய்வதால் வெளி நடைக்கு அதுதான் நல்ல யோசனை.

சக்கரம் வெளி நடைக்குக் குறைந்தது 20 சென்டிமீட்டர் விட்டம் இருக்கட்டும். 15 சென்டிமீட்டர் சக்கரம் நடைபாதைக் கல்லின் இடுக்கில் மாட்டி நின்றுவிடும், பின்னால் வருபவரின் உடல் நிற்காது. அகலமான, கொஞ்சம் மிருதுவான டயர் சரளைக் கல்லிலும் புல்லிலும் தாக்குப்பிடிக்கும். பார்க்கின்சனுக்கென்று வரும் வண்டிகள் எடை கூடியவை; சுமார் 10 கிலோ, சிலவற்றில் அதற்கும் மேல். அலுமினிய ரோலேட்டர் 6 முதல் 8 கிலோ. துணைக்கு வருபவரால் அதை மடக்கிக் காரில் ஏற்ற முடிகிறதா என்று கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

கைப்பிடியின் உயரத்தை, வெளியே போடும் செருப்போ ஷூவோ போட்டு, முடிந்த அளவு நிமிர்ந்து நின்று, கையைத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி. பிடித்தால் முழங்கை 20 முதல் 30 டிகிரி வளைந்திருக்கும். கூன் விழுந்த நிலையில் அளந்தால் கைப்பிடி தாழ்ந்துபோய், கூனை நாமே கூட்டிவிடுவோம்.

விழுவது அதிகமும் திரும்பும்போதும் உட்காரும்போதும்தான். காலை ஊன்றிச் சுழலாமல், அகலமான அரைவட்டம் போட்டுத் திரும்ப வேண்டும். உட்காரும் முன் வண்டியின் முன்பக்கம் சுவரையோ மரத்தையோ ஒட்டி இருக்கட்டும். பிரேக்குகளைப் பூட்டி, இருக்கையின் விளிம்பு காலின் பின்புறம் படும் வரை பின்னால் வந்து, கைப்பிடிகளில் ஊன்றி இறங்க வேண்டும். எழுந்ததும் உடனே நடக்க வேண்டாம். பார்க்கின்சனில் எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் எண் 20-க்கு மேல் சரிவது சாதாரணம். தலைசுற்றினால் மறுபடி உட்கார்ந்து, அது அடங்கிய பிறகு எழுவது நல்லது. நடைபாதை விளிம்பில் வண்டியைப் பின்னோக்கி இழுத்து ஏறுவதைத் தவிருங்கள். பின்னால் சாயும் உடலைத் தடுத்து நிறுத்தும் சமநிலை பார்க்கின்சனில் மிகவும் பலவீனம். சரிவுப் பாதை எங்கே என்று முன்கூட்டியே பார்த்து வைத்து, அந்த வழியாகப் போவதே மேல்.

பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் நேரத்தில் நடையைத் தொடங்கி, அடுத்த வேளை மாத்திரையையும் தண்ணீரையும் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பை இருக்கைக்குக் கீழே இருக்க வேண்டும். கைப்பிடியில் தொங்கவிட்டால் வண்டி பக்கவாட்டில் கவிழும்.

மற்ற நரம்புப் பிரச்சினைகளுக்கு இதை வாங்கலாமா என்றால், பெரும்பாலும் தேவையில்லை. நரம்புகளின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் நோய் உள்ளவருக்கு எடை குறைந்த, நல்ல இருக்கை உள்ள சாதாரண ரோலேட்டர் போதும். உடல் சூடானால் பார்வையும் காலும் தளரும். 1890-இல் ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்ஹாஃப் விவரித்த இந்த நிலை, உடல் குளிர்ந்தால் தானாகச் சரியாகிவிடும். ஆகவே அடிக்கடி நிழலில் உட்கார முடிவதே அங்கே முக்கியம். பக்கவாதத்தில் ஒரு கை செயலிழந்திருந்தால், ஒரே நெம்புகோலால் இரண்டு சக்கரமும் கட்டுப்படும் மாடலா என்று கேளுங்கள். இல்லையென்றால் வண்டி வட்டமடிக்கும். இடப்பக்கத்தைக் கவனிக்கத் தவறும் சிக்கல் இருப்பவர் தனியாக இதை வெளியே ஓட்டக் கூடாது.

எந்த ரோலேட்டரானாலும் அதில் ஒருவரை உட்காரவைத்துச் சக்கர நாற்காலி போலத் தள்ளாதீர்கள். ரோல்ஸ் மோஷன் போல நாற்காலியாகவும் மாறும்படி செய்யப்பட்டவை மட்டுமே விதிவிலக்கு. மற்றவற்றில் கால் தரையில் மாட்டினால் வண்டி அப்படியே கவிழும்.

வாரம் ஒருமுறை பிரேக்கைப் பூட்டி வண்டியைத் தள்ளிப் பாருங்கள். பின்சக்கரம் உருளாமல் தேய்ந்துகொண்டே நகர வேண்டும். சாதாரண ரோலேட்டரில் உருண்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது. கேபிள் முனையிலுள்ள சிறு திருகை வெளிப்பக்கமாகச் சுற்றி, பூட்டு நட்டை இறுக்கினால் சரியாகும். டயர் ஈரமாக இருந்தால் பிரேக் வழுக்கும்; துடைத்துவிட்டுக் கிளம்புங்கள். முன்சக்கர அச்சில் சுற்றிக்கொள்ளும் முடியையும் நூலையும் அவ்வப்போது வெட்டி எடுக்காவிட்டால் சக்கரம் திரும்பாமல் இழுக்கும். லேசரின் பேட்டரி வெளியே போகும்போதுதான் தீரும் என்பதால் உதிரி ஒன்றைப் பையிலேயே போட்டு வைக்கலாம்.