செட்டிநாட்டு மொட்டைமாடியில் பிள்ளைகளின் முதல் டெலஸ்கோப்: பல பருவம் பயன்படுத்திய பின்

பிள்ளைக்கு டெலஸ்கோப் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிசா காட்டும்?" என்றுதான். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து மாடிகளில் மூன்று வகைக் கருவிகளைப் பல பருவம் பயன்படுத்திப் பார்த்த பிறகு, நாங்கள் கேட்கச் சொல்வது வேறு கேள்வி: தலைக்கு நேர் மேலே திரும்புமா? திரும்பினால் ஆடாமல் நிற்குமா?

காரணம் நம் ஊர் இருக்கும் இடம். காரைக்குடி ஏறக்குறைய 10 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. நிலாவும் கோள்களும் போகும் பாதை இங்கே உச்சந்தலையை ஒட்டியே செல்கிறது. வியாழன் எந்த ஆண்டானாலும் தன் உச்சத்தில் 55 பாகை உயரத்துக்குக் கீழே நிற்பதில்லை. சில ஆண்டுகளில் 80 பாகையையும் தாண்டுகிறது. ஐரோப்பாவில் எடுத்த விமர்சன வீடியோவில் அழகாகத் தெற்கு நோக்கிச் சாய்ந்து நிற்கும் கருவி, நம் மாடியில் செங்குத்தாக நிமிர வேண்டியிருக்கும். சிறுவர் கருவிகள் பெரும்பாலும் தடுமாறுவது அங்கேதான்.

பயன்படுத்தியவை இவை: சாதாரண டிரைபாடில் மேல்கீழ், இடவலமாகத் திரும்பும் 70/700 லென்ஸ் டெலஸ்கோப், ஈக்வடோரியல் மவுண்டில் (வானம் சுழலும் அச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கும் தாங்கியில்) வரும் 76/700 கண்ணாடி டெலஸ்கோப், மேசைமேல் வைக்கும் 130/650 டாப்சோனியன், அதாவது குட்டையான சுழல் தாங்கியில் நிற்கும் கண்ணாடி டெலஸ்கோப் (ஸ்கைவாட்சர் ஹெரிட்டேஜ் 130 இந்த வகை). முதல் எண் வாயின் அகலம், இரண்டாவது குவிய தூரம், இரண்டும் மில்லிமீட்டரில்.

76/700-ஐ இந்த ஊருக்கு வாங்க வேண்டாம். அட்டைப்பெட்டியில் "525 மடங்கு" என்று போட்டிருப்பார்கள். கணக்கு சரிதான்: 700-ஐ 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) வகுத்தால் 175, அதன்மேல் மூன்று மடங்கு பார்லோ (பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸ்). ஆனால் ஒரு கருவி தாங்கும் பெருக்கம், வாயின் மில்லிமீட்டரைப் போல் இரண்டு மடங்கு வரைதான். 76-க்கு 150. அதைத் தாண்டினால் மங்கலான கறைதான் பெரிதாகும். அத்தோடு 525 மடங்கில் வியாழன் அரை நிமிடத்துக்குள் பார்வை வட்டத்தைக் கடந்து ஓடிவிடும். பிள்ளை கண்ணை வைப்பதற்குள் வானம் காலி.

அதைவிடப் பெரிய சிக்கல் மவுண்டில். ஈக்வடோரியலின் அச்சை ஊரின் அட்சரேகைக்குச் சாய்க்க வேண்டும். நமக்கு 10 பாகை, அதாவது கிட்டத்தட்டப் படுக்கை. சிறிய மவுண்டுகளை அவ்வளவு தாழ்த்தினால் எதிர்எடைக் கம்பி டிரைபாட் காலில் இடிக்கும். கோணத்தைப் பிடித்து நிறுத்தும் போல்ட்டும் எல்லைக்கு வந்துவிடுவதால் தலைப்பாகம் பாரம் தாங்காமல் மெல்லச் சரியும். அச்சைக் காட்ட வேண்டிய துருவ நட்சத்திரமோ வடக்கே 10 பாகை உயரத்தில், பக்கத்து வீட்டு ஓட்டுக்கும் தென்னைக்கும் பின்னால் கிடக்கும். பெரியவருக்கே பொறுமை போகும் வேலையைப் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்கக் கூடாது.

70/700 நல்ல முதல் கருவி, சில திருத்தங்களோடு. 25 மி.மீ. ஐபீஸில் 28 மடங்கு, 10 மி.மீ.யில் 70 மடங்கு. 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் துணைக்கோள்களைக் கண்டது ஏறக்குறைய 20 மடங்கில்தான். ஆகவே 28-இல் அந்த நான்கு புள்ளிகளும் வரிசையாகத் தெரியும், மறுநாள் இடம் மாறியிருப்பதும் தெரியும். 70-இல் வியாழனின் இரண்டு பட்டைகளும் சனியின் வளையமும் பிரிந்து தெரியும். 2025 மார்ச்சில் சனியின் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டியது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரியும். இப்போது மெலிந்து தெரிந்தால் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். வெள்ளியின் ஓரத்தில் லேசான ஊதா விளிம்பு வரும். இந்த விலை லென்ஸில் அது இயல்பு.

இதன் குறை நேர் மேலே பார்க்கும்போதுதான். நீளக் குழாய் 75 பாகையைத் தாண்டினால் அடிப்பக்கம் டிரைபாட் காலில் முட்டும், உயரத்தை நகர்த்தும் கம்பியும் முழு நீளத்துக்கு வந்து நின்றுவிடும். கோள் உச்சிக்கு வர இரண்டு மூன்று மணி நேரம் முன்போ பின்போ, 40 முதல் 60 பாகைக்குள் இருக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். வளவின் (பழைய வீட்டின்) நடுமுற்றத்தில் வைத்துப் பார்க்கலாம் என்ற ஆசை பலருக்கும் வரும். அங்கே தெரிவது உச்சிவானம் மட்டும். இந்தக் கருவிக்கு எட்டாத இடமும் அதுதான். சுற்றிலும் உள்ள ஓட்டுக்கூரை வேறு பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும்.

பெட்டியில் 45 பாகை வளைவுப் பிரிசம் வந்தால் அது தரைக்காட்சிக்கானது. வானத்துக்கு 90 பாகை டயகனல் (ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் முழங்கைத் துண்டு) வேண்டும். இல்லாவிட்டால் கோள் உயரே இருக்கும்போது பிள்ளை மண்டியிட்டுக் கழுத்தை முறுக்க வேண்டியிருக்கும், கால்மணி நேரத்தில் ஆர்வம் போய்விடும். டயகனலில் படம் இடவலம் மாறித் தெரியும், அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

டிரைபாட் ஆடுவதுதான் அடுத்த தொல்லை. கால்களை முழுக்க நீட்டாமல், பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கும் உயரத்துக்கு வையுங்கள். நடுத்தட்டுக்குக் கீழே ஒரு மஞ்சப்பையில் மூன்று கிலோ மணல் கட்டித் தொங்கவிடுங்கள். பை தரையைத் தொடாமல், காற்றில் ஊசலாடாமல் இருக்க வேண்டும். குழாயை விரலால் தட்டினால் இரண்டு நொடிக்குள் அதிர்வு அடங்கினால் போதும். பழைய வீடுகளின் மெட்ராஸ் டெரஸ் (மர உத்திரத்தின்மேல் செங்கல் அடுக்கிய) மாடியில் யாராவது நடந்தாலே வியாழன் துள்ளும். சுவரை ஒட்டிய ஓரத்தில் வைத்து, மற்றவர்களை உட்காரச் சொல்லுங்கள்.

திருகை இறுக்கியதும் குழாய் ஒரு நூல் சரிவது இந்த வகை மவுண்டின் பழக்கம். வட்டத்தின் எந்தப் பக்கமாகக் கோள் நழுவுகிறது என்று பாருங்கள். அடுத்த முறை அதற்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிட்டு இறுக்கினால், சரிந்து நடுவுக்கு வந்து நிற்கும். பிள்ளைகள் இதைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். செல்போன் அடாப்டர் மாட்டினால் இந்தச் சரிவு கூடும், ஆகவே படம் எடுப்பதை நிலாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பணம் இடம் கொடுத்தால் எங்கள் தேர்வு 130/650. 70-ஐவிட மூன்று மடங்குக்கு மேல் ஒளி வாங்கும், குட்டைக் குழாய், நேர் மேலேயும் இடிக்காமல் நிமிரும். நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், தெற்கு வானம் நம் சொத்து. ஏப்ரல், மே இரவுகளில் ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கூட்டம் இங்கே 32 பாகை உயரம் ஏறும். லண்டன்காரருக்கு அது எழுவதே இல்லை. 70-இல் பஞ்சுப் பொதி போலத் தெரியும் அது, 130-இல், ஊர் வெளிச்சம் இல்லாத கண்மாய்க்கரையில், ஓரங்களில் மணி மணியாக உதிரும். அதைக் கண்ட பிள்ளைக்கு அப்புறம் ஊக்கம் கொடுக்க வேண்டியதில்லை.

மேசைமேல் கருவி என்கிறார்கள், ஆனால் பிளாஸ்டிக் மேசையில் வைத்தால் நடுங்கும். கனமான மர முக்காலி வேண்டும். மாடிக் கைப்பிடிச் சுவர்மேல் வைக்கவே கூடாது. இதில் கண்ணாடிகளை நேராக்கும் வேலையும் உண்டு: பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்து ஃபோகஸைச் சற்றுக் கலைத்தால் வளையங்கள் ஒரே மையத்தில் தெரிய வேண்டும், ஒரு பக்கம் ஒதுங்கினால் அடிக்கண்ணாடியின் மூன்று திருகுகளைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பித் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். அது பெரியவர் வேலை. ஏழு வயதுக்குக் கீழே என்றால் இரண்டும் வேண்டாம், 8x40 பைனாகுலர் போதும்.

எதை வாங்கினாலும் ஐபீஸின் குழல் விட்டம் 31.7 மி.மீ. தானா என்று கடையிலேயே பாருங்கள். அதைவிட ஒல்லியாக, எச்20, எஸ்ஆர்4 என்று பொறித்த ஐபீஸ்கள் வந்தால் திருப்பிக் கொடுங்கள். ஃபைண்டரை (குழாயின்மேல் இருக்கும் குறிபார்க்கும் சிறு கருவி) பகலில், ஒரு கிலோமீட்டராவது தள்ளியுள்ள கோபுரக் கலசத்தையோ செல்போன் டவர் உச்சியையோ வைத்துச் சரிசெய்யுங்கள். செம்புள்ளி ஃபைண்டராக இருந்தால் அணைக்க மறந்து பேட்டரி தீர்ந்துவிடும். ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.

சூரியன் பக்கம் மட்டும் கண்டிப்பு வேண்டும். ஐபீஸில் திருகும் சிறிய "சன்" ஃபில்டர் பெட்டியில் வந்தால் அன்றே உடைத்துப் போடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் போல ஒன்று மறுபடி வந்தால், குழாயின் முன்வாய் முழுவதையும் மூடும் சூரிய ஃபில்டர் மட்டுமே சரி, ஃபைண்டரைக் கழற்றிவிட வேண்டும்.

எப்போது பார்ப்பது? நிலாவுக்கு வளர்பிறை பஞ்சமி முதல் தசமி வரை. பௌர்ணமியில் நிழல் இல்லாததால் பள்ளங்கள் தட்டையாகிவிடும். கோள்களுக்குத் தை, மாசி நல்ல காலம்: 2027-இல் பிப்ரவரி 10-ஆம் தேதி வியாழனும் 19-ஆம் தேதி செவ்வாயும் சூரியனுக்கு நேர் எதிரே வந்து இரவு முழுக்கத் தெரியும். பங்குனி, சித்திரையில் கான்கிரீட் மாடி இரவு ஒன்பது வரை சூடு விடும், படம் கொதிப்பது போல நெளியும். அந்தி சாயும்போது தரையில் தண்ணீர் தெளித்தால் கொஞ்சம் குறையும். பின்கட்டின் மண்தரை அதைவிட மேல். அரைமணி நேரம் முன்பே கருவியை வெளியே வைத்துவிடுங்கள். ஏசி அறையிலிருந்து நேராக எடுத்துவந்தால் லென்ஸில் நீர் பூக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சைதான் எதிரி. லென்ஸ் ஈரம் உலர்ந்த பிறகே மூடியைப் போட்டு, இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஐபீஸ்களை வையுங்கள். ஐபீஸ் துளையைத் திறந்து வைத்தால் குளவி மண்கூடு கட்டிவிடும், மூடியே வையுங்கள். தூசியை ரப்பர் ஊதியால் ஊதினால் போதும், துணி போடாதீர்கள்.

ஓராண்டு கழித்தும் பிள்ளை விடாமல் மாடிக்குப் போனால், 70/700-க்கு 6 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் ஒன்று வாங்குங்கள். 117 மடங்கு, அந்தக் கருவியின் 140 என்ற எல்லைக்குள்தான். காற்று அசையாத மார்கழி இரவுகளில் அது நன்றாக வேலை செய்கிறது.